உம்மும்மாவின் கவிகளும் ஒரு பழுதான வன்றட்டும்

கடந்த இரண்டாந் தவணை விடுமுறையில் ஒரு பின்நேரம், மேசையிலிருந்த வன்றட்டு 'டிக்' என்றது. நாலைந்து விநாடி கழித்து மீண்டும் 'டிக்'. கூரையில் பல்லி அடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு லெப்டொப் திரையில் ஒரு சிறு பெட்டி வந்தது. இந்தத் தட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் போர்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று அது கேட்டது. 'ஆம்' என்ற இடத்துக்கு என் விரல் போய்விட்டது. அழுத்தாமல் விட்டதற்கு என் அறிவு காரணமில்லை. அந்த நேரம் பார்த்து உம்மா தேங்காய் துருவக் கூப்பிட்டார்.

அந்த வன்றட்டு காக்கா ஒலுவிலில் படித்த காலத்தில் வாங்கியது. 500 கிகாபைட், ஏழு வயது. அதில் கடந்தகால வினாத்தாள்கள், டியூசன் குறிப்புகள், மூன்று கலியாண வீடியோக்கள், யாரும் திரும்பிப் பார்க்காத ஆயிரக்கணக்கான படங்கள் எல்லாம் இருந்தன. 'கவி' என்ற பெயரில் ஒரு கோப்புறையும் இருந்தது. அதற்குள் என் உம்மும்மாவின் குரலில் பன்னிரண்டு ஒலிப்பதிவுகள்.

உம்மும்மா மருதமுனையில் பிறந்தவர். இளம் வயதில் தறியில் சாரன் நெய்தவர். தறியோடு தறியாக இருந்த பெண்கள் ஒருவர் ஒரு கவியைத் தொடங்க மற்றவர் அதற்கு எதிர்க்கவி சொல்வார்களாம். தறிச் சத்தம்தான் தாளம் என்பார். நான் பதினோராம் தரத்தில் படிக்கும்போது தமிழ்ப் பாடச் செயற்றிட்டம் ஒன்றுக்காக அவற்றைப் பதிவு செய்தேன். போனவருடம் உம்மும்மா மௌத்தானார். பதிவுகள்தாம் வன்றட்டில் பத்திரமாக இருக்கின்றனவே என்ற தைரியத்தில், போனில் இடம் போதாமல் அங்கிருந்தவற்றை நான் அதற்கு முன்னரே அழித்திருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தைரியத்தைப் பற்றியது. கூடவே, அது உடைந்தபின் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்பதையும் நான் பட்டுக் கற்ற அளவில் எழுதுகிறேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் சகோதரிகளுக்கு இதில் சில தெரிந்ததாகவே இருக்கும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது, பரீட்சைக்கு.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வன்றட்டின் உள்ளே கண்ணாடி போல மினுங்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. நாம் வெளியே செருகிப் பயன்படுத்தும் சிறிய வகையில் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை, அதாவது விநாடிக்கு 90 தடவை சுழல்கிறது. வாசிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் உண்டாகும் காற்றின் மேல் அது மிதக்கிறது. தட்டுக்கும் முனைக்கும் இடையிலான வெளி ஒரு சில நனோமீற்றர் மட்டுமே. நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஐம்பதாயிரம் நனோமீற்றருக்கும் மேல். மேசையில் படியும் தூசு அந்த முனைக்கு முன்னால் ஒரு மலை.

எங்கள் வன்றட்டு விழுந்தது ஒரு மாதத்துக்கு முன்னர். ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டிலிலிருந்து விழுந்தது. விழுந்த பிறகும் வேலை செய்ததால் நான் யாரிடமும் சொல்லவில்லை. (இதை வாசித்துத்தான் உம்மாவுக்குத் தெரியவரும்.) சுழலும் தட்டில் முனை ஒரு தடவை பட்டால் பூச்சில் கீறல் விழும். கீறலிலிருந்து துகள் பறக்கும். அந்தத் துகள் அடுத்த சுற்றில் முனையில் அடிபட்டு இன்னொரு கீறலை உண்டாக்கும். ஆகவே பழுதான வன்றட்டு காயம்பட்ட ஆளைப் போல ஓய்வெடுத்துத் தேறுவதில்லை. மின்சாரம் கொடுத்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது இன்னும் கெடலாம். 'டிக்' என்பது முனை தன் வழியைத் தவறவிட்டு, தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி தேடும் சத்தம்.

அதனால் முதல் வேலை கழற்றி வைப்பது. அன்றிரவு நான் அதைச் செய்யவில்லை. ஐந்து தடவை கழற்றிக் கழற்றிச் செருகினேன். வேறு வயரை மாற்றிப் பார்த்தேன். வயரையும் செருகும் துளையையும் ஒரு தடவை மாற்றிப் பார்ப்பது சரிதான், சில வேளை பிழை அங்கேயே இருக்கும். ஆனால் மற்ற நான்கு தடவையும் என் பதற்றத்துக்காக மட்டுமே.

அடுத்த நாள் ஆலோசனைகள் வரத் தொடங்கின. மச்சான் ஒருவர் 'செக் டிஸ்க்' ஓட்டச் சொன்னார். அயல்வீட்டில், பொலித்தீன் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் ஓரிரவு வைக்கச் சொன்னார்கள். பழைய வன்றட்டுகள் சில அப்படி வேலை செய்ததாகக் கதைகள் உண்டு. ஆனால் நமது கடற்கரைக் காற்றில் ஐஸிலிருந்து எடுத்த எதன் மேலும் நீர்த்துளி பூப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் துளி தட்டிலும் பூக்கும். 'செக் டிஸ்க்' அதைவிட மோசம், ஏனென்றால் அது நல்லது செய்வது போலத் தோன்றும். கோப்பு அட்டவணையை ஒழுங்காக்குவதுதான் அதன் வேலை. ஒழுங்காக்குவதற்கு அது வன்றட்டில் எழுதும், பொருந்தாதவற்றை வெட்டும். கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதற்கில்லை. ஆரோக்கியமான தட்டில் அட்டவணை குழம்பியிருந்தால் அது உதவும். தட்டே சாகும்போது, மையித்து வீட்டில் கதிரை மேசையை ஒழுங்குபடுத்துவது போலத்தான்.

வாப்பா அதைக் கடையொன்றுக்குக் கொண்டுபோனார். போர்மட் பண்ணித் தரலாம், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பில்லை என்றார்கள். இன்னொரு கடையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், பார்த்துச் சொல்வார்களாம். வாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அதில் எங்கள் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கின்றன, கலியாண வீட்டுப் படங்கள் இருக்கின்றன. மீட்பவர் கோப்புகளைத் திறந்து பார்த்துத்தான் மீண்டதா என்று உறுதிசெய்வார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் நம் பிள்ளைகளில் இதைச் செய்யத் தெரிந்த பெண்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருந்தால் எத்தனை வீடுகளுக்கு நிம்மதி என்று எனக்கு அன்று தோன்றியது. பெற்றோர் இந்தப் பாடத்தை 'ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை' என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

"அப்ப நீயே பாரு மகள்," என்றார் வாப்பா. காக்கா கொழும்பிலிருந்து போனில் வழி சொல்ல ஒத்துக்கொண்டார்.

கோப்பு தொலைவதில் மூன்று வகை இருக்கிறது, மூன்றுக்கும் மருந்து வேறு. தவறுதலாக அழித்துவிட்டோம், ஆனால் தட்டு நல்ல நிலையில் இருக்கிறது என்றால் கோப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அட்டவணையில் அதன் பெயரை மட்டும் நீக்கி, 'இந்த இடம் காலி' என்று குறித்திருக்கும். மேலே வேறு எதுவும் எழுதாமல் இருந்தால் மீட்கலாம். (புதிய வகை எஸ்எஸ்டிகளில் இந்தச் சலுகை மிகக் குறைவு. அழித்த இடத்தை அவை தாமே துடைத்துவிடுகின்றன.) இரண்டாவது, தட்டில் சில இடங்கள் வாசிக்க முடியாமல் போவது. மூன்றாவது, முனையோ மோட்டரோ முற்றாகச் செயலிழப்பது. கணினி வன்றட்டை அடையாளமே காணாமல் விடாது 'டிக் டிக்' என்றால் அது மூன்றாவது வகை. அதற்கு எந்த மென்பொருளும் உதவாது. தூசில்லாத சுத்த அறையில் பிரித்து முனையை மாற்ற வேண்டும், அதற்குப் பெரும் செலவாகும். வீட்டில் திருகாணியைக் கழற்றினால் அந்த வாய்ப்பும் போகும்.

எங்களுடையது இரண்டாவது வகையின் கடைசிப் படியில் நின்றது. வன்றட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைத்துக்கொள்ளும். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருள் அந்தக் குறிப்பைக் காட்டும். அதில் இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். ஒன்று, பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. மற்றது, வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. இரண்டும் பூச்சியமாக இருந்தால் நல்லது. எங்களுடையதில் இரண்டாவது வரி ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. விழுந்த மாதத்திலேயே இதைத் திறந்து பார்த்திருந்தால், சாதாரணமாகக் கொப்பி பண்ணி முடித்திருக்கலாம்.

இனி நான் செய்ததற்கு வருகிறேன். இதில் ஒரே ஒரு தத்துவம்தான்: முதலில் முழுத் தட்டையும் அப்படியே இன்னொரு தட்டுக்குப் படியெடு, தேடுவதும் திருத்துவதும் படியில் செய். கோப்புறையைத் திறந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவதில்லை. அப்படிச் செய்தால் ஒரு பழுதான செக்டரில் கணினி நின்று, திரும்பத் திரும்ப அதையே முட்டி, மிச்சமிருக்கும் உயிரையும் அங்கேயே செலவழித்துவிடும்.

'டிடி ரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே செய்யப்பட்டது. அது புத்திசாலிப் பரீட்சார்த்தியைப் போல. தெரிந்த கேள்விகளை முதலில் வேகமாகச் செய்து முடிக்கும், கடினமானதைத் தாண்டிப் போகும், பிறகுதான் திரும்பிவந்து விட்டவற்றைச் சிறிது சிறிதாகக் கிண்டும். எதை எடுத்தது, எதை விட்டது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். இதை லினக்ஸில் ஓட்டுவது நல்லது. ஒரு பென்ட்ரைவில் லினக்ஸைப் போட்டு லெப்டொப்பை அதிலிருந்து தொடங்கலாம். விண்டோஸ், செருகிய உடனேயே படங்களின் சிறு உருவங்களைக் காட்டவென்று தானாகவே தட்டைத் துருவத் தொடங்கிவிடும்.

படியெடுக்கப் புதிய வன்றட்டு ஒன்று வேண்டும். அது பழையதைவிடக் கொள்ளளவில் சிறியதாக இருக்கக் கூடாது. உம்மா சீட்டுக் காசில் ஒரு டெராபைட் ஒன்று வாங்கித் தந்தார். கட்டளையில் மூன்று பெயர்கள் கொடுக்க வேண்டும்: எதிலிருந்து, எதற்கு, வரைபடக் கோப்பு எங்கே. முதலிரண்டும் இடம்மாறினால் வெற்றுத் தட்டு நிறைந்த தட்டின் மேல் எழுதப்பட்டுவிடும், அதன்பின் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பெயர்கள் ஒரே எழுத்தில்தான் வேறுபடுகின்றன. நான் இரண்டின் கொள்ளளவையும் ஒரு தாளில் எழுதி வைத்து மூன்று தடவை ஒப்பிட்டேன். நாலாம் தடவையும் பார்க்கப் போனபோது காக்கா போனில் சிரித்தார்.

இரவு எட்டு மணிக்குத் தொடங்கினேன். நல்ல தட்டாக இருந்திருந்தால் இரண்டு மூன்று மணித்தியாலம். எங்களுடையது இரண்டரை நாள் எடுத்தது. தட்டு சூடாகாமல் இருக்க மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். இரண்டாம் நாள் மின்சாரம் போனது. நான் அழவே தொடங்கிவிட்டேன். ஆனால் வரைபடக் கோப்பு இருந்ததால், கரண்ட் வந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கடைசியில் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவான பகுதியே வாசிக்க முடியாதது என்று காட்டியது. பரீட்சையில் 99 புள்ளி எடுத்த சந்தோஷம் எனக்கு.

அந்தச் சந்தோஷம் பாதி பொய். 500 கிகாபைட்டில் நூற்றுக்கு ஒன்று என்றால் 5 கிகாபைட். என் பன்னிரண்டு பதிவுகளும் சேர்ந்தால் அதில் பத்திலொரு பங்குகூட வராது. எவ்வளவு போனது என்பதைவிட எங்கே போனது என்பதே கணக்கு.

இதற்குப் பேர்போன உதாரணம் ஒன்று உண்டு. 2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறி, அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். சிதறி விழுந்தவற்றுள் ஒரு வன்றட்டும் இருந்தது. வெளிப்பக்கம் உருகி, உள்ளே மண் புகுந்து, பார்ப்பதற்கு ஓர் உலோகக் கட்டி. ஆனால் அதிலிருந்த ஆய்வுத் தரவுகளில் 99 சதவீதமளவு மீட்கப்பட்டு, 2008 இல் அந்த ஆய்வு முடிவு வெளியானது. தட்டில் பள்ளங்கள் விழுந்திருந்தன, அவை இன்னும் எதுவும் எழுதப்படாத பகுதியில் விழுந்திருந்தன. அதன் பணிசெயல் முறைமை பழையதாகையால் தரவுகளைச் சிதறடிக்காமல் ஓரிடத்தில் அடுக்கியும் வைத்திருந்தது. வானத்திலிருந்து விழுந்தது பிழைத்தது, கட்டிலிலிருந்து விழுந்தது பிழைக்கவில்லை என்று காக்கா இன்னும் என்னைக் கேலி செய்கிறார்.

எங்கள் தட்டில் காயம் அட்டவணையிலும் கொஞ்சம் பட்டிருந்தது. படியிலிருந்து 'டெஸ்ட் டிஸ்க்' மூலம் பெரும்பாலான கோப்புறைகள் பெயரோடு வந்தன. 'கவி' வரவில்லை. பிறகு 'போட்டோரெக்' ஓட்டினோம். அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஒரு முத்திரை உண்டு. அந்த முத்திரையைத் தேடித் தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும். பெயர் போய்விடும், திகதி போய்விடும், உள்ளடக்கம் வரும். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் வெறும் இலக்கங்களாக வந்து விழுந்தன. அதில் ஒலிக் கோப்புகளை மட்டும் பிரித்து, கேட்டுக் கேட்டு ஒதுக்கினேன். எத்தனையோ வட்ஸ்அப் குரல்கள், பயான்கள், காக்காவின் விரிவுரைகள். மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு ஒரு இலக்கத்தை அழுத்தியபோது உம்மும்மா இருமிவிட்டு, "இப்ப பதியுதா புள்ள?" என்று கேட்டார்.

பன்னிரண்டில் எட்டு முழுமையாகக் கிடைத்தன. இரண்டில் நடுவே வெட்டு. அவை எம்பி3 வகை. எம்பி3 கோப்பு சிறுசிறு துண்டுகளின் வரிசை. சில துண்டுகள் போனால் குரல் அந்த இடத்தில் தாவும், மற்றபடி ஓடும். மீதி இரண்டும் போனில் நேரடியாகப் பதிந்த எம்4ஏ வகை. அந்த வகையில் எந்தத் துண்டு எங்கே என்ற அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் எழுதப்படுகிறது. அந்த வால் போனால் குரல் முழுவதும் உள்ளே இருந்தும் எந்தப் பிளேயரும் திறக்காது. இதற்கும் ஒரு வழியைக் காக்கா தேடித் தந்தார். அதே போனில் பதிந்த நல்ல கோப்பொன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து வால் இழந்த கோப்புக்குப் புது அட்டவணை கட்டும் மென்பொருள். ஒன்று அப்படித் திறந்தது. மற்றது திறக்கவில்லை. அது ஒரு தாலாட்டு. என்னைத் தூங்கவைக்கப் பாடியதாக உம்மா சொன்னது.

அந்த ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். உம்மும்மாவின் கவிகள் தறிக்கூடத்தில் எத்தனையோ வாய்களில் இருந்தன. ஒவ்வொரு வாயும் ஒரு படி. கைத்தறிகள் குறைந்தன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள், உம்மும்மாவோடு கவி சொன்னவர்களில் சிலரும் அதில் அடக்கம். மிஞ்சியதை நான் பதிந்தேன், பாதுகாத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். உண்மையில் பல வாய்களில் இருந்த ஒன்றை ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டு, இனி யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். பழைய காலத்தார் என்னைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். ஓலை செல்லரிக்கும் என்று தெரிந்ததால் ஏடு பழுதாகும் முன்னரே புதிய ஏட்டில் படியெடுத்தார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் நம் பகுதி நாட்டார் பாடல்களைத் தேடி அச்சில் ஏற்றினார்கள். அச்சில் வந்தால் பல வீடுகளில் பிரதி இருக்கும்.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதன் விலை நம் நாட்டுக்குத் தெரியாததல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. வேறெங்கும் படியில்லாதவை பல. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படம்பிடித்து எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. படிகளும் மூலத்தோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால் பயனில்லை என்பதை 2023 இல் பார்த்தோம். அந்த ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மின்னஞ்சல் தொகுதியைக் கப்பம் கேட்கும் தீம்பொருள் தாக்கியது. படிகள் இருந்தன, ஆனால் அவை அதே வலையோடு இணைந்திருந்ததால் அவையும் பூட்டப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் சுமார் ஐயாயிரம் முகவரிகளில் இல்லாமற் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் ஒன்று.

இப்போது 'கவி' கோப்புறை புதிய வன்றட்டில் இருக்கிறது, காக்காவிடம் கொழும்பில் ஒரு பென்ட்ரைவில் இருக்கிறது, கூகுள் ட்ரைவில் இருக்கிறது. மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்று படப்பிடிப்பாளர்களிடையே தொடங்கிய ஒரு விதி உண்டு. அதைத்தான் பின்பற்றினேன். வீட்டில் இவ்வளவும் முடியாதவர்கள், பிள்ளையின் முக்கியமான கோப்புகளை ஒரு பென்ட்ரைவில் போட்டு உறவினர் வீட்டில் வைத்தாலே பாதிப் பயம் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அது திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத படியைப் படி என்று எண்ணக் கூடாது.

வெட்டு விழுந்த இரண்டு பதிவுகளையும் போன வெள்ளிக்கிழமை மருதமுனைக்குக் கொண்டுபோய் உம்மும்மாவின் தங்கைக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. ராத்தாவின் குரலைக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். குரல் தாவிய இடத்தில் நான் நிறுத்தினேன். அவர் முந்தானையை எடுக்காமலே விட்டுப்போன இரண்டு அடியையும் சொன்னார். இரண்டாவது பதிவின் வெட்டுக்கு, "அது எனக்கும் ஞாபகம் இல்ல மகள்," என்றார். திறக்காத தாலாட்டைப் பற்றிக் கேட்டேன். அதைத் தன் பிள்ளைகளுக்கும் பாடியதாகவும், ஆனால் ராத்தா பாடியதில் ஒரு சொல் வேறு என்றும் சொன்னார். எந்தச் சொல் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன், அடுத்த வெள்ளி வா என்றார். அவர் பாடிய வரையில் போனில் பதிந்துகொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றுவதற்கு முன்னரே, அதை மூன்று இடங்களில் படியெடுத்தேன்.